நாற்பத்திரண்டாவது தலைக்கட்டு

அம்மன் கொடைக்குக் கூடிய கூட்டத்தைக் குழந்தைக்கான கூட்டமாக்கித் தலைமையேற்றிருக்கும் அண்ணாச்சி துரைப்பாண்டி அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தவர்களே, தறியை நிறுத்திவிட்டுத் தாய்மனத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற திங்களன்று நம் தெருமுனையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மயங்கி விழுந்தாள். கோமதித்தாய் என்று பெயர். குருவிகுளம் பக்கத்துக் காட்டு ஊர். நெற்றியிலே நம் கோயில் புற்றுமண், உதட்டிலே நீலம். இதயத்தில் ஓட்டை, மதராசில் ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். நாலாயிரம் ரூபாய்க்குக் கூலிக்காரத் தாய் எங்கே போவாள்? யாரைக் கேட்பாள்?

கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி எழுதும் அதே நோட்டைத் தூக்கிக்கொண்டு நான் புறப்பட்டேன். முதல் வீட்டிலேயே பிச்சையா அண்ணாச்சி கேட்டார்: "எல்லாஞ் சரிதாம்வே. அந்தப் பிள்ள எந்தத் தலைக்கட்டு?"

சிரிக்காதீர்கள் ஐயா. அவர் வாய்விட்டுக் கேட்டதை நாம் மனத்துக்குள் கேட்டோம். நோட்டை மூடினேன்.

எதிர்வீட்டுப் பாலம்மாள் இறங்கி வந்தாள். நூல் சுற்றிப் பிழைப்பவள். கணவன் இறந்து பதினோரு ஆண்டு. ஆண் இல்லாத வீடென்று அவளிடம் நாம் வரி கேட்பதில்லை.

"தாயும் பிள்ளையும் எங்க வீட்லதான் இருக்காவ. பதினோரு வருசமா என்னயும் நீங்க எந்தத் தலைக்கட்டுலயும் எழுதல. இந்தாங்க முழு வரி. எம்பேரையும் அந்தப் பிள்ள பேரையும் சேத்து ஒரு தலைக்கட்டுன்னு எழுதுங்க."

பெரியோர்களே, வரி கேட்காததை இரக்கம் என்றல்லவா நினைத்திருந்தோம்? கொடுக்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, நம்மோடு கூடவும் வேண்டாம் என்றல்லவா அவளைத் தள்ளி வைத்திருந்தோம்? ஆண்டுதோறும் அவள் வாசலைத் தாண்டிப் போன கால் என் கால். அவள் பெயரை விட்டு எழுதிய கை இந்தக் கை. வெட்கமாக இருக்கிறது.

பிச்சையா அண்ணாச்சி காதுக் கடுக்கனைக் கழற்றி நோட்டின்மேல் வைத்தார்.

இன்னும் ஆயிரத்து இருநூறு குறைகிறது. வியாழக்கிழமை ரயில். இந்த ஆண்டு வாணவேடிக்கை இல்லாவிட்டால் அம்மன் கோபிப்பாளா? பிள்ளையைக் கைவிட்டால் பொறுப்பாளா?

நோட்டு இதோ, மேசைமேல் இருக்கிறது. நாற்பத்தொரு தலைக்கட்டாக இருந்த தெருவில் நாற்பத்திரண்டாவதைப் படிக்கிறேன்: பாலம்மாள், பிள்ளை கோமதித்தாய். அந்தப் பிள்ளை அடுத்த கொடைக்கு நம் தெருவில் முளைப்பாரி தூக்க வேண்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. முதலில் எழுந்து இந்த மேசைக்கு வரப்போகிறவருக்கு என் வணக்கம்.