உப்புவெளிக்குப் பத்துக்குப் பத்து

பன்னிரண்டு வருடமாகத் தீவுப்பகுதியில் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் பார்க்கிறவன் நான். இத்தனை காலத்தில் ஒரு நாய்க்குக்கூடக் கல் எறிந்ததில்லை. புங்குடுதீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜெகதீஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள்; படலைக்கு வெளியே நின்று இரண்டு தரம் சைக்கிள் மணி அடிக்கிற ஆள் என்றால் உடனே விளங்கும். நீங்கள் ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எனக்கு அவசரமில்லை.

நிமலனை எனக்கு அறிமுகப்படுத்தியது அவன் வீட்டு மீற்றர்தான். மடத்துவெளியில், கடலுக்குப் போகிற ஒழுங்கையின் கடைசி வீடு. தாயும் மகனும் மட்டும் இருக்கிற வீட்டில் முள்ளு தாறுமாறாக ஓடியிருந்தது. எங்கேயோ கசிவு இருக்க வேண்டும் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். கசிவு இல்லை. பின் அறையில் இரண்டு கொம்பியூட்டர்களுக்கு நடுவில் மெலிந்த ஓர் ஆள் கூனிக்கொண்டு இருந்தான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது.

"என்ன தம்பி செய்யிறீர்?" என்று கேட்டேன்.

"கேம் ஒண்டு செய்யிறன் அண்ணை. ஓப்பன் வேர்ல்ட். உங்களுக்குச் சொன்னா விளங்காது."

பதினைந்து வருடமாக நான் அந்த வகை விளையாட்டுகளைத்தான் விளையாடுகிறேன் என்பது அவனுக்குத் தெரியாது. கலியாணம் கட்டவில்லை, குடிப்பதில்லை, அதுதான் எனக்கிருந்த ஒரே பழக்கம். அதனால் சொல்கிறேன், திறந்த உலகம் என்று இவர்கள் விற்பதில் பெரும்பாலானவை திறந்தவையே அல்ல. ஒரு கோபுரத்தில் ஏறச் சொல்வார்கள். ஏறினால் வரைபடம் முழுக்க நூறு சின்னங்கள் தெரியும். பிறகு அம்புக்குறி காட்டுகிற பக்கம் போய் ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். அது விளையாட்டல்ல ஐயா, என் உத்தியோகம். கையில் பட்டியல், முன்னால் வீடு, முடிந்ததும் ஒரு சரி அடையாளம். அதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் அந்த விளையாட்டுகளுக்கு விமர்சகர்கள் பத்துக்கு ஒன்பதரை போடுவார்கள். நூறு மணித்தியால விளையாட்டை எட்டு மணித்தியாலம் விளையாடிவிட்டுப் போடுகிற புள்ளி. நான் எதையும் முடித்துவிட்டுத்தான் புள்ளி போடுவேன். ஐந்தைத் தாண்டிப் போட்டது குறைவு.

நிமலனின் விளையாட்டுக்குப் பெயர் 'உப்புவெளி'. ஒரு தீவு. வள்ளத்தில் வந்து இறங்குகிறீர்கள். அக்காவின் வீட்டைத் தேட வேண்டும். வரைபடம் இல்லை, அம்புக்குறி இல்லை, பின்னணி இசைகூட இல்லை. ஆட்களிடம் வழி கேட்கலாம். அவர்களில் சிலர் பொய் சொல்வார்கள். பனைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, கிணற்றுத் தண்ணீர் எங்கே உவர்க்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். கடைசியில் நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்து ஒரு வெறும் உப்புத் தரவையை, மரம் மட்டையில்லாத வெளியை, கடக்க வேண்டும். ஐந்து மணித்தியாலம். உண்மையான ஐந்து மணித்தியாலம். இடையில் ஒன்றுமே நடக்காது. மற்றப் பக்கத்தில் ஒரு வீடு. கதவைத் தட்டினால் அக்கா திறந்து, "வந்திட்டியா?" என்று கேட்பாள். அவ்வளவுதான்.

மூன்று வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், அவன் செய்யச் செய்ய விளையாடிப் பார்த்துப் பிழை சொன்னேன். முதன்முறை அந்தக் கதவைத் தட்டிய நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "இதை முடிச்ச முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை" என்று நிமலன் சிரித்தான். என் வாழ்நாளில் யாரும் என்னை எதிலும் முதல் ஆள் என்று சொன்னதில்லை. இதைக் கேட்டு நீங்கள் ஏதும் முடிவுக்கு வர வேண்டாம். தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன வருடம் பங்குனியில் விளையாட்டு விற்பனைக்கு வந்தது. நான் பத்துக்குப் பத்துப் போட்டேன். என் முதலாவது பத்து அதுதான். நான்கு பக்கம் விமர்சனம் எழுதினேன். பதினொரு பேர் அது பயனுள்ளது என்று அடையாளமிட்டார்கள். முப்பது பேர் வேடிக்கையானது என்று அடையாளமிட்டார்கள்.

பிறகு கனடாவிலிருந்து கம்சிகா என்ற பிள்ளை அதை நேரலையில் விளையாடிக் காட்டினாள். தாய் தகப்பன் வேலணையாம். இவள் அங்கே பிறந்தவள். ஐம்பதாயிரம் பேர் அவளுடைய நேரலையைப் பார்க்கிறவர்கள். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். "நல்ல வடிவா இருக்கு. ஆனா நான் எங்க போறது? ஆராவது சொல்லுங்கோவன்" என்று மூன்று மணித்தியாலம் ஒரே கிணற்றைச் சுற்றினாள். பிறகு பத்துக்கு மூன்று போட்டாள். அடுத்த கிழமைக்குள் அறுநூறு பேர் மூன்றுக்குக் கீழே போட்டார்கள். எத்தனை மணித்தியாலம் விளையாடினார்கள் என்று அந்தத் தளம் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டும். இருபது நிமிடம். பதினைந்து நிமிடம். 'நடக்க ஆசையென்றால் நான் றோட்டில் நடப்பேனே' என்று ஒருவர். 'பனையும் கல்வேலியும் பார்க்கவா இதை வாங்கினேன்' என்று இன்னொருவர். சராசரி நான்கு தசம் ஒன்றுக்கு இறங்கியது.

அவர்களுக்கு நான் மரியாதையாகப் பதில் எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பதில்கள். தரவைவரைக்கும் போகாதவர் தரவையைப் பற்றிப் புள்ளி போடலாமா என்பது மட்டும்தான் என் கேள்வி. ஒருவர்கூட அதற்கு நேரான பதில் சொல்லவில்லை. தளத்துக்காரர் என்னைத் தடை செய்தார்கள். வேறு பெயரில் போனேன், அதையும் தடுத்தார்கள். உங்களுக்கு அந்த எரிச்சல் விளங்குமோ தெரியாது. சரியான அளவை வாசித்து எழுதிக் கொடுக்கிறீர்கள். மீற்றரைக் கண்ணாலும் காணாத ஆயிரம் பேர் சேர்ந்து வேறொரு எண்ணைச் சொல்கிறார்கள். அதுதான் ஏட்டில் ஏறுகிறது.

"அவையோட சண்டை பிடியாதேங்கோ அண்ணை" என்றான் நிமலன். "அவை சொல்லுறதிலயும் நியாயம் இருக்குத்தானே."

அந்த வார்த்தையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

முதலில் ஒரு திசைகாட்டி வைத்தான். சராசரி ஐந்து தசம் ஆறு. பிறகு முக்கியமான பொருட்கள் மினுங்கும்படி செய்தான். ஆறு தசம் எட்டு. ஒவ்வொரு முறையும் எண் ஏறியதும் தாயைக் கூப்பிட்டுக் காட்டுவான். இரஞ்சிதம் அக்காவுக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் மகன் சிரிக்கிறான் என்று தானும் சிரிப்பார். நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன்.

மூன்றாவது மாற்றம் பெரியது. முழு வரைபடம், அம்புக்குறி, பொய் சொல்லாத ஆட்கள். தரவைக்குப் பதிலாக ஒரு வள்ளம். ஒரு பொத்தானை அமத்தினால் அக்கா வீட்டு வாசல். தான் விளையாடுவதை வீடியோ எடுத்துக் கம்சிகாவுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தான். ஒன்பது போடுவேன் என்று அவள் எழுதியதை எனக்குக் காட்டினான்.

"இனி அது உப்புவெளி இல்லைத் தம்பி" என்றேன். "இதை வெளியில விடாதையும்."

"ஆரும் விளையாடாத கேமை நான் ஆருக்குச் செய்தனான் அண்ணை?"

"நான் விளையாடினனான்தானே."

கதிரையை என் பக்கம் திருப்பினான். பிறகு பணிவாகத்தான் சொன்னான். "நான் உங்களுக்காக மட்டும் செய்யேல்லை அண்ணை."

அது என்னைப் புண்படுத்தவில்லை. பலரும் அப்படி நினைக்கிறார்கள், ஆகவே தெளிவுபடுத்துகிறேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு அதை வெளியிடுவதாக அறிவித்திருந்தான். இரஞ்சிதம் அக்கா காலையிலேயே நயினாதீவு அம்மனுக்குப் போகப் புறப்பட்டார். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக ஓட்டோ வந்து நின்றபோது நானும் வந்து சேர்ந்தேன்.

"நீர் வந்தது நல்லதாப் போச்சு தம்பி" என்றார். "இந்தக் காத்துக்கு இவனுக்குத் தொய்வு இழுக்கப் பாக்குது. ஏலாமப் போனா அந்தப் பம்பை எடுத்துக் குடும். மேசையில ஒண்டு கிடக்கு, அலுமாரிக்க ஒண்டு கிடக்கு."

ஓம் என்றேன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆஸ்துமா; வாயில் வைத்து இழுக்கிற அந்தப் பம்ப் இல்லாமல் இருக்க மாட்டான்.

ஒன்றரை மணிபோல அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. மேசையில் கையால் தடவினான். பம்ப் அங்கே இல்லை. அது என் சேட்டுப் பையில் இருந்தது. மரண விசாரணையின்போது அது வெறுமையாக இருந்ததாகச் சொன்னேன். அது சரியல்ல. திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இதை வெளியிட மாட்டேன் என்று சொல்லும் என்றேன். குரலை உயர்த்தவில்லை. மூன்று தரம் கேட்டேன். அவன் என் சேட்டைப் பிடித்தான். நான் கையை மெதுவாக எடுத்துவிட்டேன். மூன்றாவது தரம் தலையாட்டினான். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, மூச்சுக்காக ஒருவன் ஆட்டுகிற தலையைச் சம்மதம் என்று எப்படி எடுப்பது? பம்பை வாங்கி இழுத்ததும் அவன் மனம் மாறாது என்று யார் சொல்வது? அவன் ஏற்கெனவே அறுநூறு பேருக்குத் தலையாட்டியவன். நான் வாயால் சொல்லச் சொன்னேன். அவனால் சொல்ல முடியவில்லை.

அலுமாரியில் இருந்த மற்றப் பம்பை எடுக்க அவன் எழுந்தான். இரண்டு அடி நடந்திருப்பான். அதுவும் அங்கே இருக்கவில்லை. வியாழக்கிழமை மீற்றர் பார்க்கப் போனபோது எடுத்துவிட்டேன். ஒரு மணிபோல யன்னலுக்குக் கீழே குப்பையைக் கொளுத்தியதும் நான்தான். காய்ந்த பனையோலையோடு கொஞ்சம் ஈர ஓலையும் போட்டேன். அப்படிப் போட்டால் நின்று புகையும். முற்றம் குப்பையாகக் கிடந்தது என்பதும் உண்மை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. நான் பொறுக்கிறேன்.

எல்லாமாகப் பதினொரு நிமிடம். திரையின் மூலையில் மணி தெரிந்தபடியால் சொல்ல முடிகிறது. அதன்பிறகு புதிய பதிப்பு முழுவதையும் இரண்டு கொம்பியூட்டர்களிலிருந்தும் அழித்தேன். பம்பை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகுதான் அம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். இரஞ்சிதம் அக்கா திரும்பி வந்தபோது ஒழுங்கை முழுக்கச் சனம். அவர் நேரே என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்து, "கடைசி நேரத்தில நீரெண்டாலும் பக்கத்தில இருந்தீரே" என்றார். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு வரைக்கும் நான் அந்த வீட்டில்தான் நின்றேன். தேத்தண்ணி கொடுத்தேன். கதிரைகளைக் கொண்டுவந்து போட்டேன்.

யாருக்கும் என்னில் சந்தேகம் வரவில்லை. தொய்வுக்காரன், புகை, காற்று. நீங்களும் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் சைக்கிளில் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். அது ஏன் என்றுதானே கேட்கிறீர்கள். மனச்சாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுத விரும்பலாம். நான் நன்றாகத்தான் நித்திரை கொள்கிறேன்.

நிமலன் செத்த செய்தியைக் கம்சிகா அழுதுகொண்டே நேரலையில் சொன்னாள். இரண்டு நாளில் உப்புவெளிக்கு நாலாயிரம் பேர் பத்துப் போட்டார்கள். சராசரி ஒன்பது தசம் மூன்று. பெயர்களுக்குப் பக்கத்தில் பார்த்தேன். ஐந்து நிமிடம். மூன்று நிமிடம். சிலர் திறக்கவே இல்லை. முன்பு விளையாடாமல் மூன்றுக்குக் கீழே போட்டவர்களே இப்போது விளையாடாமல் பத்துப் போடுகிறார்கள். என்னுடைய பத்தும் அந்த நாலாயிரத்துக்குள் ஒன்றாகக் கிடக்கிறது. அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை இரஞ்சிதம் அக்கா என்னைக் கூப்பிட்டார். கம்சிகா வருகிற கிழமை இங்கே வருகிறாளாம். நிமலன் விட்ட வேலையை நாலைந்து பேராகச் சேர்ந்து முடித்து, அவன் பெயரிலேயே வெளியிடப் போகிறார்களாம். நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்க, அக்கா தன் சீலைகளுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கறுப்பு டிஸ்க்கை எடுத்துக் காட்டினார். "கேமின்ர கொப்பி, கவனமா வைச்சிருங்கோ அம்மா எண்டு பிள்ளை தந்தவன்" என்றார். "அந்தப் பிள்ளை வந்தவுடன குடுக்கப் போறன். என்ர மகன் செய்த வேலை வீணாப் போகக்கூடாது."

தரும்படி கேட்டேன், தரவில்லை. அன்றிலிருந்து அதை சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருக்கிறார். வயதான மனுசி. அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட ஆள் நானல்ல.

ஆகவேதான் இந்த வாக்குமூலம். நோயால் வந்த மரணமாக இருக்கும்வரை அந்த டிஸ்க் ஒரு தாயின் பொருள். கொலை வழக்கென்றால் அது சாட்சிப் பொருள். நீதிமன்றத்தில் முத்திரையிட்டுப் பூட்டுவார்கள். வழக்கு முடியப் பத்து, பதினைந்து வருடம் எடுக்கும். விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். நிமலனைக் கொன்றது நான்தான். வியாழக்கிழமையிலிருந்து யோசித்துத்தான் கொன்றேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன். கம்சிகாவின் விமானம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்கு முன்னர் யாரையாவது மடத்துவெளிக்கு அனுப்பி அந்த டிஸ்க்கை எடுத்துவிடுங்கள் ஐயா. அந்தப் பெடியனுக்காக நான் வேறொன்றும் கேட்கவில்லை. அவன் உயிரோடு இருந்திருந்தால் அவனும் இதைத்தான் கேட்டிருப்பான்.