கழுத்துப்பட்டையில் கஸ்தூரி

“மாப்பிள்ளை சட்டைக்குள்ள இன்னொருத்தி பேரு இருக்கு. நீ சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க.”

கிள்ளான் செல்லும் மின்ரயிலில் என் எதிரே அமர்ந்திருந்த அக்காள் தன் தங்கையிடம் இப்படிச் சொன்னாள். நிச்சயதார்த்தத் தட்டில் வைப்பதற்காகத் தங்கை பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் வாங்கிய சட்டை அது. கழுத்துப்பட்டையின் உட்புறத்தில், ‘தைத்தவர்: கஸ்தூரி’ என்று நூலால் எழுதியிருந்தது.

“தைச்சவங்களுக்கு நியாயமான கூலி குடுக்கிற கடை இது, அக்கா. பேரும் போடுவாங்க.”

“தட்டுல வச்சா எல்லாரும் எடுத்துப் பாப்பாங்க லா. கஸ்தூரி யாருன்னு கிள்ளானே கேக்கும். அறுத்துடு.”

அக்காள் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்தாள்.

“அறுத்துட்டா பாசார் மாலாம் இரவுச்சந்தையில விக்கிற மலிவு சட்டைக்கும் இதுக்கும் என்னாக்கா வித்தியாசம்?”

“உன் மாமியாரே ஃபேக்டரியில சட்டை தைச்சவங்க. தையல் பாக்க மொதல்ல காலரைத்தான் திருப்புவாங்க.”

தங்கை சட்டையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“திருப்பட்டும்க்கா. அவங்க தைச்ச சட்டை எதுலயாச்சும் அவங்க பேரு இருந்துச்சா?”

அக்காள் நகவெட்டியைப் பைக்குள் போட்டாள்.

“சரி, பேரு தெரியற மாதிரியே மடிச்சு வை. மாப்பிள்ளைக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடு. பயந்துடப் போறாரு.”