இரண்டு கிலோ கரி எங்கே போனது?

துயரோடு கூடியிருக்கும் இந்தச் சபையைத் தலைமை ஏற்று நடத்தும், எங்கள் குடியிருப்பாளர் மன்றத் தலைவர், மாண்பு நிறை அமிர்தநாதர் அவர்களே! முன்வரிசையில் முகம் வாடி அமர்ந்திருக்கும் மூத்தோரே! கொட்டும் பனியையும் கூட்ட பஸ்ஸையும் பாராமல் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்த தாய்மாரே! வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பிறம்ரன் நகரிலிருந்து விரைந்து வந்த தோழர்களே! தமிழ் பாதி விளங்கினாலும் துக்கம் முழுதாய் விளங்கும் இளையோரே! கடைசி வரிசையில், கதவோரத்தில், மடியில் குழந்தையோடு இருக்கும் என் தம்பியின் மனைவி துஷானியே! கலங்கிய நெஞ்சோடு கைகூப்புகிறேன்.

நான் ராகுலன். ஓராண்டுக்கு முன், இதே தை மாதத்தில், முப்பத்து நான்கு வயதில் எங்களை விட்டுப்போன சசிகரனின் ஒரே அண்ணன். யாழ்ப்பாணத்தில் பதினொரு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். இப்போது பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறேன். "தம்பியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கோ, ராகுலன்" என்று தலைவர் கேட்டார். சொல்கிறேன், ஐயா. ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாடம். அதிலிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும்.

பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. திணிவுக் காப்பு விதி! எரித்தாலும் சரி, எரிந்து கருகினாலும் சரி, இரசாயனத் தாக்கத்துக்கு முன் இருந்த நிறை தாக்கத்துக்குப் பின்னும் இருக்கும். கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! இடப்பக்கம் இருப்பதெல்லாம் வலப்பக்கம் வரவேண்டும் என்று எத்தனை பிள்ளைகளைக் கண்டித்திருப்பேன்! எழுதியவன் அறியாமல் இருந்தேனே, அந்த விதி ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று!

அன்றைய காலையை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. உறைபனி மழை. கம்பி அறுந்து மின்சாரம் நின்றது. ஒன்பதாம் மாடியில் சசியின் வீடு. குழந்தை அட்சயா பிறந்து பத்தொன்பது நாள். சுவர் ஹீற்றர் செத்துப் போனது. பிள்ளை பெற்றவள் முழுகினால் தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை பிடிப்பது எங்கள் வழக்கம் அல்லவா? அதற்கென்று வாங்கி வைத்த கரி வீட்டில் இருந்தது. "நீ பிள்ளையோடை அறைக்குள்ளை இரு, குளிர் வராமல் கதவுக்குக் கீழை துவாயை வை, நான் கரியைப் பாக்கிறன்" என்றான். துஷானி சொன்னதைக் கேட்டாள். அவன் வரவேற்பறையில் தாச்சிச் சட்டிக்குள் கரியைக் கொட்டிப் பற்றவைத்தான்.

பதினொரு மணிக்கு என்னோடு போனில் கதைத்தான். "கரி எரிக்கிறியோ? கவனமடா" என்றேன். "யன்னலைத் திறந்தால் பிள்ளை விறைச்சுப் போகும் அண்ணை" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஊருக்கெல்லாம் இரசாயனம் படிப்பித்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, முகட்டிலை புகையும் நச்சுக்காத்தும் பிடிக்கிற அலாரம் இருக்குத்தானே. அது கத்தினா உடனே வெளியாலை வாங்கோ" என்றேன். "ஓம் அண்ணை, அது பேசாமல்தான் கிடக்கு. நீங்கள் யோசியாதேங்கோ" என்றான்.

என் தம்பி என்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான்.

மூன்று மணிக்கு, எதிர்வீட்டு றெபேக்கா தன் காஸ் அடுப்பில் வைத்த தேநீரைப் போத்தலில் கொண்டுவந்து கதவைத் தட்டினார். எவரும் திறக்கவில்லை. அவர் திரும்பிப் போயிருந்தால் இன்று நாங்கள் மூன்று பேருக்கு நினைவுநாள் செய்துகொண்டிருப்போம். அவர் ஆளைக் கூப்பிட்டுக் கதவைத் திறப்பித்தார். அறைக்குள் தாயும் சேயும் மயங்கிக் கிடந்தார்கள், மூச்சு இருந்தது. வரவேற்பறையில் சசிக்கு இல்லை.

எரிந்தது இரண்டு கிலோ கரி. சட்டியில் மிஞ்சியது ஒரு பிடி சாம்பல். மீதி எங்கே போனது? மறைந்ததா? மாயமானதா? இல்லை ஐயா, இல்லை! காற்றில் கலந்தது. காற்றோட்டம் இருந்தால் பன்னிரண்டு கிராம் காபன் முப்பத்திரண்டு கிராம் ஒட்சிசனோடு சேர்ந்து நாற்பத்து நான்கு கிராம் காபனீரொட்சைட்டு ஆகும். பூட்டிய வீட்டில் ஒட்சிசன் குறையக் குறைய, அதே பன்னிரண்டு கிராம் பதினாறோடு நின்றுவிடும். இருபத்தெட்டு கிராம் காபனோரொட்சைட்டு! நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. கூட்டிப் பாருங்கள், ஒரு கிராமும் குறையாது.

சக்தியும் அப்படித்தான். முழுதாய் எரிந்தால் வரும் வெப்பத்தில், அரைகுறையாய் எரிந்தால் கால் பங்குக்குச் சற்றுக் கூடத்தான் வரும். மீதிச் சக்தி அழிந்ததா? அழியவில்லை. அந்த நச்சு வாயுவுக்குள்ளேயே வெளிவராமல் கிடக்கிறது. ஆகவே வீடு சூடாகவில்லை. சூடு காணாது என்று மேலும் கரி போட்டான். குழந்தைக்காகப் போட்டான், குளிருக்காகப் போட்டான், போடப் போட நஞ்சுதான் பெருகியது.

தகனம் முடிந்து என் தம்பியை ஒரு பெட்டியில் தந்தார்கள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் வானத்துக்குப் போயிருக்கும். திணிவு அழியவில்லை, விதி பொய்க்கவில்லை. ஆனால் அவன் சிரிப்பு எந்தப் பக்கம்? குழந்தையின் கால்விரலை எண்ணி எண்ணிப் பார்த்துச் சொன்னானே, "அண்ணை, பத்தும் சரியாக் கிடக்கு" என்று, அந்தக் குரல் எந்தப் பக்கம்? நான் படித்த புத்தகங்களில் அதற்கு விடையில்லை, பெரியோரே. எனக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான்.

ஓம் தலைவர், துண்டு கிடைத்தது. ஐந்து நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம்தான் எனக்கும் வேண்டும்.

பிறகு என்ன நடந்தது? விசாரித்தவர்கள் எழுதினார்கள், அலாரத்தில் பற்றறி இல்லை என்று. அந்த ஒரு வரி போதாதா எங்கள் ஆட்களுக்கு? "துஷானிதான் கழட்டியிருப்பாள், பிள்ளை முழிக்குமெண்டு." "அவளின்ரை சாம்பிராணிதான் அவனைக் கொண்டது." இன்னும் ஒன்று சொன்னீர்கள், என் வாய் கூசுகிறது: "தேப்பனை விழுங்கப் பிறந்த பிள்ளை!" யார் சொன்னது என்று ஏன் பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்கள்? என் வீட்டுச் சோபாவில் இருந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டு சொன்னவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். மூன்று கிழமைக்கு முன் அட்சயாவின் முதற் பிறந்தநாள். துஷானி நாற்பது பேரைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் நான்கு பேர்.

சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். மீன் பொரிக்கும்போது அலாரத்துக்குக் கடைப்பை கட்டாதவர் கையை உயர்த்துங்கள். ஒருவரும் இல்லையா? கௌசி அன்ரி, உங்கள் கை பாதியில் நிற்கிறது! உங்கள் வீட்டில் அதற்குக் குளிக்கிற தொப்பி போட்டிருப்பதை நான் கண்டவன்.

சிரித்துவிட்டீர்கள். நாங்களும் அன்று இப்படித்தான் சிரித்தோம்.

எந்த அன்று? சசி வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று. அதற்கு முந்தின ஆவணி மாதம். ஐயர் ஓமம் வளர்க்கிறார், நெய் ஊற்றுகிறார், அலாரம் அலறுகிறது. மந்திரம் நின்றது, சபை சிரித்தது. "அண்ணை, நீங்கள்தானே உயரம், உதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றான் சசி. கதிரையில் ஏறினேன். மூடியைத் திறந்தேன். இரண்டு பற்றறியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். போகும்போது பூட்டிவிடலாம் என்று நினைத்தேன். வடை தின்றேன், பாயசம் குடித்தேன், வீட்டுக்குப் போய்விட்டேன். அதன்பிறகு எத்தனை பொரித்தாலும் அது கத்தவில்லை. கத்தாத பொருளை யார் நிமிர்ந்து பார்ப்பார்? நல்ல வீடு, கரைச்சல் இல்லாத வீடு என்று எல்லோரும் சொன்னோம்.

தம்பியை எரித்து ஏழாம் நாள் என் வீட்டு ரிவி றிமோட் வேலை செய்யவில்லை. பின்மூடியைக் கழற்றினேன். அந்த இரண்டு பற்றறியும் அதற்குள் இருந்தன. அன்று சட்டைப்பையில் இருந்து நானேதான் எடுத்துப் போட்டிருக்கிறேன்; அப்போதுதான் நினைவு வந்தது. தம்பியின் மூச்சைக் காக்க வேண்டியதை வைத்து ஐந்து மாதம் சனல் மாற்றியிருக்கிறேன்.

சபையோரே, சமன்பாட்டில் ஒரு பொருளை விட்டுவிட்டு எழுதினீர்கள். கரியை எழுதினீர்கள். சாம்பிராணியை எழுதினீர்கள். துஷானியை எழுதினீர்கள். பாலுக்கு அழுகிற குழந்தையையும் எழுதினீர்கள். ராகுலனை எழுதவில்லை! எழுதுங்கள்! இடப்பக்கத்தில், முதலாவதாக, எழுதுங்கள்!

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. முப்பத்தோராம் நாள் இவள் என் முன்னால் வந்து நின்றாள். "அண்ணை, சத்தியமா நான் கழட்டேல்லை. நீங்களாவது நம்புங்கோ" என்றாள். "நம்புறன் பிள்ளை" என்றேன். நம்பினேனாம்! றிமோட்டைத் திறந்து இருபது நாளுக்கு மேல் ஆகியும், எல்லாம் தெரிந்திருந்தும், அவ்வளவுதான் சொன்னேன். ஒரு வருடம் அவளைப் பழி சுமக்க விட்டுவிட்டு, நான் நல்ல அண்ணனாய் நடமாடினேன். இன்று உங்களோடு சேர்ந்துதான் அவளும் இதை முதன்முதலாகக் கேட்கிறாள்.

துஷானி, உன்னிடம் தனியாக வந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் முடியவில்லை. பழி எல்லோர் முன்னும் விழுந்தது, அதனால் எல்லோர் முன்னும்தான் அதை எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

எழும்புகிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். யாரும் மறிக்க வேண்டாம். கதவடியில் நிற்கிற தம்பிமாரே, கதவைத் திறந்துவிடுங்கள். வழியில் இருப்பவர்களே, காலை ஒதுக்கினால் மட்டும் போதாது. எழுந்து நில்லுங்கள். முன்வரிசையும் எழும்புங்கள். தலைவர், நீங்களும். அவளைப் பற்றிப் பேசியபோது கதிரையில் இருந்துதானே பேசினீர்கள்? இப்போது எழுந்து நில்லுங்கள்!

நன்றி. என் தம்பிக்காக வந்தீர்கள், என்னையும் பொறுத்தீர்கள், நன்றி. பேசுகிறவன் சபைக்கு வணக்கம் சொல்லி இறங்குவது முறை. இன்று அந்த வணக்கத்தைக் கதவடியில் நிற்பவளுக்குச் சொல்லி இறங்குகிறேன்.

துஷானி, நீ கழற்றவில்லை. வணக்கம்.