ஊர் சேர்ந்து எடுத்த டிக்கெட்

குற்றாலத்தில் அருவிக் குளியலுக்கு யாரும் காசு கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, பக்கத்திலேயே மேலகரத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு அருவியில் பெரிய பிரியம் இருந்ததில்லை. என் வீட்டுக் கிணற்றில் என் ஆள் இறைத்துக் கொடுக்க, அந்தத் தண்ணீரில் குளிப்பதுதான் எனக்கு வழக்கம். சும்மா கிடைப்பது எதுவும் என் உடம்பில் ஒட்டுவதில்லை. இதைக் கர்வம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் மறுத்ததும் இல்லை.

நீங்கள் போலீஸ் சீருடை இல்லாமல், ஜீப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தீர்கள். கவனித்தேன். ராயகிரியில் உங்கள் தகப்பனாரும் அப்படித்தான், இடம் தெரிந்து நடப்பவர். காபியைக் குடியுங்கள். இப்போதெல்லாம் நானே போடுகிறேன், சுமாராகத்தான் இருக்கும்.

வங்கியிலிருந்து நீங்கள் வாங்கி வந்திருக்கும் பதிவில் இருப்பது என் குரல்தான். யாரோ மோசடிக்காரன் என் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறான் என்று என் மகள் புகார் கொடுத்திருக்கிறாள். அப்படி யாரும் இல்லை. மிச்சத்தையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கொஞ்ச நாளாக அசதியாக இருக்கிறது. படுத்தால் தீருகிற அசதி இல்லை.

எனக்கு ஒரே மகள், ஆனந்தவள்ளி. மாப்பிள்ளை ராணுவத்தில், அஸ்ஸாம் பக்கம். அவள் பிள்ளைகளோடு எங்கள் மாடியில் இருந்தாள். புருஷனை வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்க அவள் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கிரெடிட் கார்டு. கார்டில் வாங்கினால் வங்கி பாயிண்ட் கொடுக்கும். பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு வீட்டுச் செலவில் எவ்வளவுதான் சேரும். அதனால் தென்காசி பஜாரில் தெரிந்தவர்களுடைய கொள்முதலையும் இந்தக் கார்டிலேயே போடுவாள். அவர்கள் ரொக்கத்தைக் கொண்டுவந்து தருவார்கள், அவள் கெடு தவறாமல் வங்கியில் கட்டிவிடுவாள். "யாருக்கும் நஷ்டம் இல்லப்பா, பாயிண்ட் மட்டும் நமக்கு" என்பாள். அவள் சொன்னது சரிதான். அவள் கெட்டிக்காரி. அதை நான் எந்தக் காலத்திலும் இல்லையென்று சொல்லவில்லை.

கார்டு என் வைப்புநிதியின் பேரில், என் பெயரில் எடுத்தது. ஆகவே ஓடிபி நம்பர் என் போனுக்குத்தான் வரும். "யப்பா, நம்பரச் சொல்லுங்க" என்று மாடியிலிருந்து குரல் வரும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொல்வேன். கட்டிக்கொடுத்த பெண், அவள் புருஷனைப் பார்க்கப் போகிறாள், அது அந்த வீட்டு விவகாரம் என்று இருந்துவிட்டேன்.

என் மனைவி குருவம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது போன கோடையில். இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். சென்னையில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. திருநெல்வேலி டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "ரயில்ல ராத்திரி முழுக்கப் படுக்க வச்சுக் கொண்டுபோயிராதீங்க அண்ணாச்சி. மூச்சு தாங்காது. தூத்துக்குடியில பிளைட் ஏத்துங்க, மெட்ராஸ்ல இறக்குங்க. சிரமம் இல்லாம போயிரலாம்." அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று பின்னால் யாரும் எழுத வேண்டாம்.

வள்ளி அவளிடமிருந்த பணத்தை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு, பாயிண்டில் மூன்று டிக்கெட் எடுத்தாள். நம்பரை வாசித்துக் கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மசூது கடைக்குப் போனேன். விமானத்தில் குளிரும் என்றார்கள், குருவம்மாளுக்கு ஒரு சால்வை வேண்டும். மசூது நல்ல மனுஷர். அவர் வாப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அங்கேதான் துணி. உரக்கடை அய்யாத்துரையும் அங்கே உட்கார்ந்திருந்தான். மசூது சால்வையை விரித்துக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆச்சிக்கு ஒரு குறையும் வராது அண்ணாச்சி. தைரியமாப் போயிட்டு வாங்க. அந்தப் பிளைட்டுல ஒரு றெக்கை நம்ம கடைதான். பெருநாள் சரக்கு பூரா வள்ளி கார்டுலதான போட்டேன்."

"அப்ப இன்னொரு றெக்கை என் யூரியாவாக்கும்" என்றான் அய்யாத்துரை.

"வாலு யாருதுவே?"

"வாலா? அய்யாக்குட்டி மக கல்யாணப் பட்டு. அதுவும் அந்தக் கார்டுதான்."

துணி மடித்துக்கொண்டிருந்த பெண் கூடச் சிரித்துவிட்டாள். மசூது சால்வையைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "ஊரே சேந்துல்லா ஆச்சிய அனுப்புதோம். சும்மா திரும்பி வருவாளா, எந்திரிச்சு நடந்துல்லா வருவா."

அவர் அன்பாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சால்வைக்கு விலை வேண்டாம் என்றார். பணத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்கும். கையில் காசு இல்லாத வீட்டில் ஒருவர் நோயில் விழுந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால், நான்கு பேர் ஒரு துண்டின் நான்கு முனையையும் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் போவார்கள். அவரவர் முடிந்ததைத் துண்டில் போடுவார்கள். அந்தத் துண்டு முதலில் வந்து நிற்கிற இடம் எங்கள் மேலவீட்டு வாசல். எங்கள் நோட்டு விழுந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போகும். என் தாத்தா போட்டார், அப்பா போட்டார், நான் போட்டேன். துண்டில் போட்டவர்கள் நாங்கள். எங்களுக்காகத் துண்டு விரிந்ததில்லை.

பஜாரிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் தெரிந்தது. துணிக்கடை, உரக்கடை, கல்யாண வீடு என்று ஒவ்வொருவரும் அவரவர் பங்கைப் போட்டிருக்கிறார்கள். நடுவில் என் மனைவி படுத்திருக்கிறாள். முனையைப் பிடித்துக்கொண்டு போனது என் மகள். வங்கி கொடுக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வங்கிக்கு முகம் கிடையாது, வாங்கிக்கொள்ளலாம். மசூதுக்கு முகம் இருக்கிறது. அவர் நாளைக்கும் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்.

மதியம் வள்ளி பிள்ளைகளை அச்சன்புதூரில் மாமியார் வீட்டில் விடப் போயிருந்தாள். நான் கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் நல்ல தமிழில் பேசினாள். டிக்கெட்டை ரத்துசெய்ய வேண்டும் என்றேன். காரணம் கேட்டாள். பயணி போகவில்லை என்றேன். புள்ளிகள் உடனே கணக்கில் திரும்பிவிடும் என்றாள். ஓடிபி வந்தது. வாசித்தேன். முடிந்தது.

விமான நிலையத்தில் என் கைப்பணத்தைக் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் வாங்குவதுபோலத்தானே இருக்கும். வீட்டில் கேட்டவர்களிடம் இந்த அளவுக்குக்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், பதிவில் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள்: "சார், தொடர் விடுமுறை. அந்த விமானம் நிறைந்துவிட்டது. நீங்கள் விட்டால் மறுபடி கிடைக்காது." தெரியும் என்று பதில் சொன்னேன். ஆகவே எனக்குத் தெரியும்.

மறுநாள் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் கவுண்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, இந்தப் பெயர்களில் டிக்கெட் இல்லை என்றாள். வள்ளிக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் அழவில்லை. நின்ற இடத்திலேயே போனில் தேடி, பெங்களூர் வழியாக வேறொரு விமானத்தில் இடம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். விடுமுறை நாள் விலை, என் பையிலிருந்த பணத்துக்கு எட்டாத விலை. "யப்பா, பாயிண்ட் எல்லாம் அப்படியே திரும்பிக் கெடக்கு. அதுல எடுத்துருதேன். நம்பர் வரும், சொல்லுங்க."

வந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எண்கள் தெளிவாக இருந்தன.

"வரலை" என்றேன்.

"திரும்ப அனுப்பச் சொல்லுதேன். பாருங்க."

"வரலை. டவர் இல்லை போல."

மூன்றாவது தடவை அவள் கையை நீட்டினாள். நீட்டிய கையை அவளே இழுத்துக்கொண்டாள். என் சட்டைப்பையில் கைவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

அவள் திருநெல்வேலியிலேயே ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று கெஞ்சினாள். குறித்த நாளில் குறித்த இடத்தில் செய்ய வேண்டும் என்றேன். என் தம்பி மகன் சுந்தரபாண்டியன் ரயில்வே போலீஸில் இருக்கிறான். அவன் மூலமாக அன்றைய ரயிலில் முதல் வகுப்பில் இடம் கிடைத்தது. என் பணத்தில் எடுத்தேன். டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. தலைப்பக்கம் இரண்டு தலையணை கூடுதலாக வாங்கி வைத்தேன்.

கோவில்பட்டி தாண்டி குருவம்மாளுக்கு மூச்சு முட்டியது. சால்வையை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தேன். விருதுநகரில் இறக்கும்போது உயிர் இல்லை.

வீட்டில் எல்லோரும் வள்ளியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "ஓசி டிக்கெட்ட நம்பில்லா பெரியம்மையக் கொன்னுபுட்டா" என்று சுந்தரபாண்டியன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். "பாயிண்டாம் பாயிண்டு. இந்தா, உசுர எடுத்தாச்சு, போயி மாத்திக்க" என்று அவன் மனைவி நிர்மலாதேவி சொன்னாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வள்ளியை வீட்டுக்குள் விடவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு அச்சன்புதூருக்குப் போய்விட்டாள். அவள் போகும்போது என்னைப் பார்த்தாள். நான் பேசினால் விஷயம் பஜார் வரைக்கும் போகும். மேலவீட்டுக்காரன் என்ன செய்தான், எதற்காகச் செய்தான் என்று மசூது கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஆகவே பேசவில்லை. பெண்பிள்ளை வேறு வீட்டுக்குப் போனவள், பழி தங்காது என்று நினைத்தேன். அவள் அதைத் துடைக்க உங்களிடம் புகார் கொடுப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. சொன்னேனே, கெட்டிக்காரி.

அவளை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்றால் கூப்பிடுங்கள். அவள் மேல் பிழை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

கூட யாருக்காவது தெரியுமா என்று கேட்டீர்கள். கேட்க வேண்டியவர்தான். இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

விமான நிலையத்தில் குருவம்மாள் எனக்குப் பக்கத்து நாற்காலியில், என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பைக்குள் போன் இரண்டாவது தடவை அதிர்ந்தது அவள் கன்னத்தில் தெரிந்திருக்கும். என் சட்டை மெல்லிய வெள்ளைத் துணி, உள்ளே வெளிச்சம் வந்ததும் தெரிந்திருக்கும். அவள் தலையைத் தூக்கிப் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வள்ளி அவள் முன்னால் குனிந்து, "யம்மா, அப்பா போன்ல சத்தம் ஏதும் கேட்டுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி" என்றாள் குருவம்மாள். அவளுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வேண்டியிருந்தது. "ஒண்ணும் வரல. அப்பாதான் சொல்லுதாகள்லா. எந்திரி, போவோம்."

இத்தனை வருஷத்தில் அவள் என் வார்த்தையை ஒரு இடத்திலும் கீழே விட்டதில்லை. அன்றைக்கும் விடவில்லை. ஆகவே உங்கள் தாளில் என் பெயரை மட்டும் எழுதுவது முறையாக இருக்காது. கணவனும் மனைவியும் கலந்து எடுத்த முடிவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.