இமெல்டா சொன்ன சீ

எனக்குப் பொய் சொல்ல வராது. வேண்டுமென்றால் என் அம்மாவையே கேளுங்கள்.

எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான் தமிழர். மற்ற எல்லோரும் ஸ்பானிஷ்காரர். துறைமுகத்தில் அவர்களோடு சேர்ந்து பெட்டி இறக்கியதில் எனக்கு அந்த மொழி வந்துவிட்டது. வசீகரன் அண்ணைக்கு மொழி வரவில்லை, எதிர்வீட்டு இமெல்டா வந்தாள். இருவரும் ஊர்மொழியான பிரெஞ்சில் காதலித்தார்கள்.

அம்மா பெண் கேட்கப் போனபோது மொழிபெயர்க்க நானும் போனேன். உட்கார்ந்ததும் பனி அள்ளும் வண்டியின் சங்கு கேட்டது. தெருவோரம் நிறுத்திய காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அண்ணை கீழே ஓடினார். இப்படியான நேரத்தில் காரைப் பார்க்கப் போகிறவரை என்ன சொல்வது?

"என்ரை மூத்தவனைப் பிடிச்சிருக்கோ எண்டு இந்தப் பிள்ளையைக் கேள்" என்றார் அம்மா. ஒரு சொல் விடாமல் ஸ்பானிஷில் கேட்டேன். இமெல்டா வெட்கத்தில் தலை குனிந்து, "சீ, சீ" என்றாள்.

அவர்கள் மொழியில் அது ஓம், சம்மதம். அம்மாவுக்கோ அது தமிழ்ச் சீ. முகம் கறுத்துப் போய் என்னைப் பார்த்தார், ஆனால் விளக்கம் கேட்கவில்லை. கேட்காததை மொழிபெயர்ப்பது என் வேலை இல்லை.

அண்ணை வாசலுக்குத் திரும்பி வந்ததும் அம்மா அவரிடம் ஒரே சொல்தான் சொன்னார்: "நட." இமெல்டாவின் காதில் அது 'நாடா' என்று விழுந்தது. ஸ்பானிஷில் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். கண் கலங்க என்னைப் பார்த்தாள். அவளும் கேட்கவில்லை. படியெல்லாம் பனி உறைந்து கிடந்ததால் அண்ணை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்தச் 'சீ'யை மகன் தாங்கமாட்டான் என்று நினைத்து, "அவளுக்கு உன்னிலை விருப்பமில்லையாம்" என்பதோடு அம்மா நிறுத்திக்கொண்டார். அண்ணை அழைத்தபோது இமெல்டா தொலைபேசியை எடுக்கவில்லை. "நீ ஒருக்கா போய்க் கதைச்சுப் பாரடா" என்று அண்ணை என்னிடம் அழுதார். போனேன். கதைத்தேன். பிறகு அடிக்கடி போனேன். அண்ணையைப் பற்றியும் பேச நினைத்ததுண்டு, நேரம் கிடைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அண்ணைக்கு முன்பே எனக்கு அவளைப் பிடிக்கும்.

போன ஞாயிறு அம்மா அவளிடம் அதே கேள்வியைக் கேட்டார், இந்த முறை எனக்காக. பதிலை நான் முன்கூட்டியே பழக்கியிருந்தேன். "ஓம், மாமி" என்றாள் கணீரென்று. மூத்தவனை ஏன் பிடிக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது என்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டார்.

அண்ணை வரவில்லை. நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டுக்கு வீடு மாறிப் போய்விட்டார். ஒருநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மனம் உடைந்து போவார். அவரைத் தேற்ற என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?