உப்பு வைத்த குதிகால்

ஒருவர் எப்படி நடக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர் நடப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் கழற்றி விட்டதைத் திருப்பிப் பார்த்தால் போதும். உங்கள் ஷூ மேசைக்கடியில் சாய்ந்து கிடக்கிறது, சார். வலது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. சாயங்காலமானால் அந்த முழங்கால் வலிக்கும். உள்ளே நாலணா கனத்துக்கு ஒரு தோல் துண்டு வைத்துப் பாருங்கள்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. கல்லூரியில் மூன்று வருடமும் செய்முறைத் தேர்வில் மட்டும் முதலாவதாக வந்தேன். அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆகவே இடையில் நிறுத்தாமல் எழுதிக்கொண்டால் எனக்கு உதவியாக இருக்கும். நீங்கள் மலையாளத்துக்காரர், என் தமிழ் புரியாத இடத்தில் மட்டும் கேளுங்கள்.

பெயர் கமலாத்தாள். வயது இருபத்துநான்கு. பி.எஸ்ஸி. பௌதிகம். கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே எங்கள் தோட்டம். போன ஐப்பசியில் மலைமேல் காந்தலூரில் தன் வீட்டுக் கல்படியிலிருந்து உருண்டு ஓடைப் பாறையில் விழுந்து இறந்த ரத்தினசாமி என் அக்கா மருதாத்தாளின் கணவர். விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அக்காவிலிருந்து தொடங்க வேண்டும். எழுபத்துநாலில் அவளும் அதே படியில்தான் விழுந்தாள். இடது குதிகால் எலும்பு மூன்றாக உடைந்தது. சறுக்கி விழுந்தேன் என்றாள். மறுநாள் நானும் அம்மாவும் காந்தலூர் போனோம். அக்காவைக் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கியிருந்தார்கள். படியெங்கும் பூண்டுப் பற்கள் மிதிபட்டுக் கிடந்தன. முந்தின நாள் முழுக்கத் தூறல் என்றார்கள். ஆனால் அக்காவின் செருப்பு வாசலில், கூரைக்கு உள்பக்கம், காய்ந்து போய் ஜோடியாக இருந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஈரப் படியில் இறங்குகிற பெண் செருப்பை மாட்டிக்கொண்டுதான் இறங்குவாள். துரத்தப்படுகிற பெண்ணுக்குத்தான் அதற்கு நேரம் இருக்காது. மச்சான் தன்னை அடித்ததாக அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அடி வாங்குகிறவர்கள் சொல்வதில்லை என்று நான் வாசித்திருக்கிறேன்.

கட்டு அவிழ்த்த பிறகு அக்காவால் குதிகாலை ஊன்ற முடியவில்லை. ஊன்றினால் வலி இடுப்பு வரை ஏறும். நான் வீட்டில் சும்மா இருந்தேன். வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் வாயைத் திறக்காததால் வந்தவர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகவே அக்காவுக்கு ஒரு குதிகால் செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

இதை விவரமாக எழுதிக்கொள்ளுங்கள். முதலில் பம்புசெட் இன்ஜினிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்கை வைத்தேன். அக்காவின் எடை நாற்பத்தாறு கிலோ. அது அசையவே இல்லை. சைக்கிள் சீட் ஸ்பிரிங் உயரம் அதிகம். கடைசியில் டார்ச் லைட்டின் அடிமூடியைப் பார்த்தேன். அதில் இருப்பது கூம்பு மாதிரியான சுருள். அழுத்தினால் வளையத்துக்குள் வளையம் உட்கார்ந்து தட்டையாகிவிடும். அதே வடிவத்தில் கனமான கம்பியில் பொள்ளாச்சி லேத் பட்டறையில் சுற்றி வாங்கினேன்.

ஆனால் ஸ்பிரிங் நேர்மையானது. கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். மிதித்தால் அமுங்கும், எடுத்தால் தள்ளும். நொண்டிக் காலுக்குத் தள்ளுவது ஆகாது. ஆகவே சுற்றிலும் நார் வைத்தேன். ரப்பர் பால் ஊற்றி அழுத்திய தேங்காய் நார், பஸ் சீட்டுக்குள் வைப்பார்களே, அது. அது வாங்கியதில் பாதியை விழுங்கிவிடும். ஸ்பிரிங் தாங்க, நார் அடக்க. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் என் குதிகால். பதினான்கு மாதிரிகள் செய்தேன்.

தோல் வேலை சந்தைப்பேட்டை ஆசீர்வாதத்துடையது. முதல் நாள் நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, "குதியில இத்தாப்பெரிய குழி பறிக்கச் சொல்றீங்களே சின்னம்மிணி, முட்ட வெச்சு அடகாக்கப் போறீங்களா?" என்றார். பதினான்காவதை அவர் தன் காலிலேயே மாட்டிக்கொண்டு சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

அக்கா அதைப் போட்டுக்கொண்டு எங்கள் களத்தில் குறுக்காக நடந்தாள். பாதி தூரம் போய் நின்று, "வலியே இல்லையே கண்ணு" என்றாள். அம்மா அழுதாள். நான் அமுங்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அரை அங்குலம். கணக்குப் போட்டதும் அதுதான்.

மச்சானும் அன்றைக்கு வந்திருந்தார். அவர் எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவர். "என்ன அம்மிணி, பி.எஸ்ஸி.யில செருப்புத் தெக்கறதுதான் சொல்லிக் குடுத்தாங்களா? மாப்பிள்ள ஊட்டுக்காரங்க கிட்டச் சொல்லிப் போடாத, பொண்ணு வேண்டாம், ஒரு ஜோடி குடுங்கன்னு கேட்டுப்போடுவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அக்காவின் செருப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு அவர் கோயம்புத்தூர் கொண்டுபோனார். அங்கே ஒரு கம்பெனிக்காரர் அவருக்குப் பழக்கம். அறுத்துப் பார்த்தார்கள். பதிவுக்கு விண்ணப்பம் போட்டார்கள். வடிவமைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். பத்திரிகையில் படம் வந்தது. கையில் குதிகாலைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார், தலைகீழாகப் பிடித்திருந்தார். "ரத்தினசாமி ஹீல்" என்று பெயர். எனக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு வந்தார். "நம்ம குடும்பத்துப் பேருதானே அம்மிணி. பொம்பளப் புள்ள பேரு செருப்புல வரலாமா? நாளைக்கு நாலு பேரு மிதிப்பானே."

அதற்காக நான் கோபப்படவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். என் கோபம் அக்காவுக்காக. அவளுடைய ஒரே ஜோடியை அறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். இன்னொரு ஜோடி நான் செய்து கொடுத்திருக்கலாம்தான். நாரும் ஸ்பிரிங்கும் என்னிடம் மீதி இருந்தன. அவள் இரண்டு முறை கேட்டாள். ஆனால் எடுத்தவர் அல்லவா திருப்பிக் கொடுக்க வேண்டும்? செய்து கொடுத்தால் அவர் எடுத்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

பிறகு அவரே வந்து கேட்டார். கம்பெனி செய்த குதிகாலில் செலவைக் குறைக்க நாரை எடுத்துவிட்டார்கள். அது கீச்சிட்டது, மேட்டில் தள்ளியது. காந்தலூர் ஏற்ற இறக்கத்தில் அவருக்குக் குதிகால் வலி. "நம்ம ஹீலு நமக்கே ஆகல அம்மிணி. நீயே ஒண்ணு நல்லதாப் பண்ணிக் குடு. மலையில போடறதுக்கு." நம்ம ஹீலு என்றார். சரிங்க மச்சான் என்றேன்.

அவர் பழைய ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இடது குதிகாலின் பின் விளிம்பு ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இறக்கத்தில் எப்போதும் இடது காலைத்தான் முதலில் போடுகிறார், முழு எடையையும் அதன்மேல்தான் இறக்குகிறார். எழுபத்தெட்டுக் கிலோ. நான் ஒதுக்கி வைத்திருந்த பம்புசெட் ஸ்பிரிங்குக்கு அது சரியான எடை.

வலது குதிகாலை ஒழுங்காகச் செய்தேன். நான் செய்ததிலேயே நல்லது அதுதான். இடதில் அந்தக் கனத்த ஸ்பிரிங்கை முழுதும் அமுக்கி ஒரு கொக்கியில் மாட்டினேன். கொக்கி விலகாமல் இருக்க ஒரு வில்லை வேண்டும். மலையில் கரைய வேண்டும், இங்கே கரையக் கூடாது, கரைந்த பிறகு தெரியக் கூடாது. வெல்லம் என்றால் எறும்பு வரும். ஆகவே உப்பு. கல்லுப்பைப் பொடித்து, நனைத்து, இடுக்கியில் இறுக்கி, அடுப்பங்கரையில் காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். ஈரம் போக ஓரத்தில் ஊசித் துளை ஒன்று. காற்றோட்டத்துக்கு என்று ஆசீர்வாதத்திடம் சொன்னேன். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. உப்பை நான் வீட்டில் வைத்தேன்.

சோதிக்காமல் கொடுக்கவில்லை. மடியில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஈர வாய்க்கால் வரப்பில் நானே நடந்தேன். நான்காம் நாள் குதிகால் இரண்டு விரற்கடை எழும்பி என்னைச் சேற்றில் தள்ளியது. எழுந்து வந்தபோது நான் பாடிக்கொண்டு வந்ததாக அம்மா சொன்னாள். எனக்குப் பாட வராது.

ஐப்பசி இரண்டாம் தேதி அவர் மலை ஏறினார். தினமும் தூறல், பனிமூட்டம். நான் வீட்டில் நாட்களை எண்ணவில்லை, உப்பு கரையும் வேகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் தேதி காலை ஆள் வந்தது. எந்தப் படியில் விழுவார் என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அது வடிவமைப்பில் ஒரு குறை. மேலிருந்து ஆறாவது என்று, இடத்தைப் பார்த்து நீங்கள் எழுதிய மகஸரில் இருக்கிறது. அக்கா விழுந்தது ஒன்பதாவதில்.

நாங்கள் போனபோது அவரை வீட்டுக்குள் கிடத்தியிருந்தார்கள். ஷூவைக் கழற்றி வாசலில் வைத்திருந்தார்கள். செத்தவருடையது என்றாலும் செருப்பு செருப்புதான், உள்ளே வராது. துக்கத்துக்கு வந்தவர்களின் முப்பது நாற்பது ஜோடிகளுக்கு நடுவே அது கிடந்தது. ஒரு குதிகால் மற்றதைவிட இரண்டு விரற்கடை உயரம். நீங்களும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனீர்கள், சார். படியை அளந்தீர்கள், பாசியைச் சுரண்டிப் பார்த்தீர்கள். அடுத்தவர் செருப்பைக் கையில் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றாது. நான் அதை நம்பித்தான் இருந்தேன். மறுநாள் காலை பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். இப்போது அது உங்கள் ஸ்டேஷன் வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே கொண்டுவரக் கூச்சமாக இருந்தது.

இங்கே வருவதற்கு முன் அக்காவிடம் சொன்னேன். சொல்வதுதான் முறை என்று பட்டது. அவள் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். உன் செருப்பு வாசலில் காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன், எனக்கு எல்லாம் தெரியும், இனி பயப்பட வேண்டாம் என்றேன்.

"அன்னிக்குப் பூண்டு மொத நடவு, கமலா" என்றாள். "வெதக்கூடயத் தலையில தூக்கிட்டு எவளாச்சும் செருப்புப் போட்டுட்டு எறங்குவாளா? சறுக்குச்சு, உழுந்தேன். என்னைய அள்ளித் தூக்கிட்டு ஜீப்புக்கு ஓடுனது அவருதான். நடவுக்கு வெறுங்காலுல போறது உனக்குத் தெரியாதா?"

தெரியும், சார். எங்கள் வயலிலும் அப்படித்தான். விதைக்கூடையைத் தூக்கிக்கொண்டு நானே வெறுங்காலில் இறங்கியிருக்கிறேன். படியில் கிடந்தது விதைப் பூண்டு என்பதும் பார்த்தவுடனே தெரிந்தது. அதை அப்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அக்கா துக்கத்தில் இருக்கிறாள். அவளுக்காகச் செய்தது என்பது பிறகு புரியும். அவளுக்குப் புது ஜோடி ஒன்று செய்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். நான் கிளம்பும்போது அதைத் தொடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏன் இப்போது வந்தாய் என்று கேட்டீர்கள். கம்பெனி போன வாரம் புது விளம்பரம் போட்டிருக்கிறது. அவர் படத்துக்கு மாலை போட்டு, "மறைந்த ரத்தினசாமி அவர்கள் வடிவமைத்தது" என்று. உயிரோடு இருந்தால் ஒருநாள் மறந்திருப்பார்கள். இனி மறக்க மாட்டார்கள். கம்பெனிக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஆனால் நீங்கள் எழுதுகிற தாளில் அரசு முத்திரை இருக்கும். கோர்ட்டுக்குப் போகும். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். முதல் வரி மட்டும் நான் சொல்கிறபடி இருக்கட்டும்: ஸ்பிரிங்கும் நாரும் வைத்த குதிகாலை வடிவமைத்தவர் கமலாத்தாள், பி.எஸ்ஸி. கொன்றதை அதற்கு அடுத்த வரியில் எழுதினால் போதும்.