இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது

பெர்லிட்டா: ...விடிஞ்சதுலேர்ந்து சொல்லுங்க தம்பி. ஒண்ணு விடாம. எங்க கம்பெனி மேல நீங்க கொடுத்த புகார்ல சேர்க்கணும்.

ஜோவன்: எழுந்தேன். பல் தேய்ச்சேன். கொக்கோ காய்ச்சினேன். ரெண்டு கப் எடுத்தேன். ஒண்ணைத் திரும்ப வெச்சேன்.

பெர்லிட்டா: ம்...

ஜோவன்: சேவலுக்குத் தீனி போட்டேன். சட்டை போட்டேன். போன் அடிச்சுது. என் போன் இல்ல, மைலீன் போன். என் சம்சாரம். இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கேன்.

பெர்லிட்டா: யாரு கூப்பிட்டது?

ஜோவன்: உடம்பைக் குறைக்கிற கம்பெனி. "மைலீன் மேடம் தினமும் இனிப்பா சாப்பிடறாங்க, பத்து கிலோ குறைச்சுடலாம்"னாங்க.

பெர்லிட்டா: நீங்க?

ஜோவன்: "அவ எல்லாத்தையும் குறைச்சுட்டா. செத்து ஒரு வருஷம் ஆகப்போகுது"ன்னேன்.

பெர்லிட்டா: ஐயோ...

ஜோவன்: அந்தப் பொண்ணு, "அப்ப நீங்க எத்தனை கிலோ சார்?"னு கேட்டுச்சு.

பெர்லிட்டா: ...மன்னிச்சுக்கங்க. சிரிக்கக் கூடாது.

ஜோவன்: சிரிங்க வக்கீலம்மா. நானே சிரிச்சேன். சேவல் பயந்துடுச்சு.

பெர்லிட்டா: அதுக்கு முந்தின வாரம்?

ஜோவன்: சர்க்கரை வியாதி ஆஸ்பத்திரி. அதுக்கு முன்னாடி பல் டாக்டர். எல்லாருக்கும் அவ பேரு தெரியுது, நம்பர் தெரியுது, காலையில என்ன சாப்பிட்டாங்கறதும் தெரியுது. யாரு சொன்னது? காலைச் சாப்பாடு கொண்டு வந்து கொடுத்த நீங்கதானே!

பெர்லிட்டா: நான் கொடுக்கல. கம்பெனி கொடுத்துச்சு. நான் அதோட வக்கீல்.

ஜோவன்: பெரிய வித்தியாசம்.

பெர்லிட்டா: சம்பளத்துல பெரிய வித்தியாசம்தான்... இந்தாங்க, எடுத்துக்கங்க. உலர்ந்த மாம்பழம்.

ஜோவன்: வேண்டாம்.

பெர்லிட்டா: செபுவுல பிறந்துட்டு மாம்பழம் வேண்டாமா? ஊரை விட்டே துரத்திடுவாங்க.

ஜோவன்: எனக்குப் பிடிக்காது. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து தின்னாச்சு. அவளுக்கு மாம்பழம்னா உயிரு. ஒட்டரிசியில அவிச்ச புட்டோ மாயா, கொக்கோ, ஒரு மாம்பழம். தினமும் இதையேதான் உங்ககிட்ட வாங்குவா. பாதியை அறுத்து எனக்கு வைப்பா. வேண்டாம்னு சொன்னா முகம் வாடிடுமேன்னு... ஏன் அப்படிப் பாக்கறீங்க?

பெர்லிட்டா: ஒண்ணும் இல்ல. கண்ணுல தூசி. சரி, முதலாளி சொல்லச் சொன்னதைச் சொல்லிடறேன். புகாரை வாபஸ் வாங்கினா ஒரு வருஷத்துக்கு டெலிவரி இலவசம்.

ஜோவன்: அடேங்கப்பா! மாம்பழமும் உண்டா?

பெர்லிட்டா: கேட்டா கொடுப்பார். பயந்து போயிருக்கார். சம்மதம் கேட்காம இன்னொரு கம்பெனிக்கு விவரத்தைக் கொடுத்தா அபராதம் மட்டும் இல்ல, ஜெயிலும் உண்டு. அவர் ஜெயில் சாப்பாட்டுக்குக் கூட டெலிவரி ஆளு அனுப்புவார்... அப்புறம், மைலீன் விவரம் எல்லாத்தையும் இன்னைக்கே அழிச்சுடறோம்.

ஜோவன்: அழிக்காதீங்க!

பெர்லிட்டா: தம்பி, மெதுவா... எல்லாரும் அழிக்கச் சொல்லித்தான் வருவாங்க.

ஜோவன்: கடைசி நாள் காலையில அவ உங்க நம்பருக்குப் பேசியிருக்கா. கூப்பிட்ட நேரம் அவ போன்ல இருக்கு. அந்தப் பேச்சு எனக்கு வேணும்.

பெர்லிட்டா: அது... அழிச்சாச்சு. ஆறு மாசம்தான் வெச்சிருக்கலாம். எங்க விதி.

ஜோவன்: நானும் கால் சென்டர்காரன்தான். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது"ன்னு வாயால சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கறவன். எந்தக் கம்பெனியும் சொன்ன நாள்ல அழிக்கறதில்ல.

பெர்லிட்டா: ...நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.

ஜோவன்: அப்ப எனக்கு ராத்திரி ஷிஃப்ட். அந்தக் கடைசி நாளும் காலையில வந்து படுத்தேன். எழுந்தப்ப அவ சமையல்கட்டுல விழுந்து கிடந்தா. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சுடுச்சுன்னாங்க. கடைசியா அவ பேசினது என்கூட இல்ல. உங்க ஆளுகூட. ஞாயித்துக்கிழமையோட வருஷம் முடியுது, துக்கம் இறக்கறோம். முழுப் பன்னி வாட்டறாங்க. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே என் கறுப்பைக் கழட்டிக் கலர் சட்டை மாட்டி விடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேக்கணும். கொடுத்துடுங்க. புகாரை இப்பவே கிழிச்சுடறேன்.

பெர்லிட்டா: கிழிக்காதீங்க! இது பேரம் இல்ல. செத்தவங்க உரிமை வாரிசுக்கு வரும்னு நம்ம சட்டத்துலயே இருக்கு. கல்யாணச் சான்றிதழ் கொண்டு வந்தீங்களா?

ஜோவன்: இதோ. அவ மூக்கு கோணலா இருக்கற போட்டோவும் இருக்கு.

பெர்லிட்டா: மூக்கு வேண்டாம்... இருக்கு தம்பி. அழிக்கல. உங்க புகார் வந்த அன்னைக்கே தேடி எடுத்துக் கேட்டுட்டேன்.

ஜோவன்: அப்ப ஏன் பொய்?

பெர்லிட்டா: ஆறு மாசத்துக்கு மேல வெச்சிருந்தது எங்க தப்பு. அது வெளியில வந்தா முதலாளி என்னை வறுத்துடுவார். அது ஒரு காரணம்.

ஜோவன்: இன்னொண்ணு?

பெர்லிட்டா: அதுல மைலீன் ஒண்ணு கேட்டுக்கிட்டிருக்காங்க. அதைக் காப்பாத்தறதா, உங்ககிட்ட கொடுக்கறதான்னு... ஒரு வாரமா மண்டையைக் குடையுது.

ஜோவன்: உங்க வேலை போயிடுமா?

பெர்லிட்டா: போனா கோர்ட்டு வாசல்ல ஸ்டாம்பு குத்தி உக்காந்துக்கறேன். கொடுக்கக் கூடாதவனுக்குக் கொடுத்தது ஒரு தப்பு. கொடுக்க வேண்டியவனுக்குக் கொடுக்காதது ரெண்டாவது தப்பு. ஒரு கம்பெனிக்கு ஒண்ணு போதும். கதவைச் சாத்துங்க.

ஜோவன்: சாத்திட்டேன்.

பெர்லிட்டா: உக்காருங்க. போடறேன்.

பதிவில் பணியாளர்: ...இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. சொல்லுங்க மேடம்.

பதிவில் மைலீன்: மெதுவா பேசுங்க, அவர் தூங்கறார். இன்னைக்கு மாம்பழம் வரல.

ஜோவன்: அவதான்... அவதான்...

பதிவில் பணியாளர்: மன்னிக்கணும் மேடம். மாம்பழம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு இங்க குறிச்சிருக்கு. நாளைக்கு ரெண்டா அனுப்பறோம்.

பதிவில் மைலீன்: எனக்கா? எனக்கு அந்த வாசனையே ஆகாதுங்க! அவருக்குத்தான் உயிரு. தனியா சாப்பிட மாட்டார், அதான் பாதியை நானும் மென்னு முழுங்கறேன்... ஐயையோ, இதையும் பதிவு பண்ணிட்டீங்களா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!